மேலூருக்கு ஒரு மின்னஞ்சல்

சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸுக்கு நடந்திருக்கிறீர்களா? முதல் நாள், 'ஐயா ஃபீல்டுக்குப் போயிருக்காரு'. மறுநாள் ஐயா இருப்பார். முத்திரை இருக்கிற பீரோவின் சாவி இருக்காது.

இந்த நடையைக் குறைக்க 2001 நவம்பரில் ஒரு முயற்சி தொடங்கியது. மதுரைக்கு வடகிழக்கே சுமார் முப்பது கிலோமீட்டரில் இருக்கும் மேலூர் வட்டாரத்தில். சென்னை ஐ.ஐ.டி., எம்.ஐ.டி., ஹார்வர்டு எல்லாம் கைகோத்த திட்டம். பெயர் 'சாரி'. புடவை இல்லை, ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்!

பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவின் 'கார்டெக்ட்' தொழில்நுட்பம்தான் முதுகெலும்பு. ஒரு கோபுரம் நட்டால் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குக் கம்பியில்லாமலே போனும் இணையமும். வேகம் 35 கிலோபிட். உங்கள் செல்போன் கேட்டால் சிரிக்கும். அன்று அதுவே பெரிசு.

கிராமத்துக்கு ஒரு இணைய மையம். சிலவற்றை உள்ளூர்க்காரர்களே சொந்த முதல் போட்டு நடத்தினார்கள். மற்றவற்றை மதுரையின் தானம் அறக்கட்டளை. அரவிந்த் கண் மருத்துவமனை வெப்கேமரா வழியாகக் கண் பார்த்தது. ஆனால் ஜனங்களுக்கு முக்கியமாகப் பட்டது அரசாங்க வேலைதான். பிறப்பு, இறப்பு, சாதி, வருமானச் சான்றிதழ்கள், முதியோர் பென்ஷன் மனு. மையத்தில் டைப் அடித்துத் தாலுகா ஆபீஸுக்கு அனுப்பிவிடலாம். நான் பி.காம். என்பதால் கணக்கு பார்க்காமல் இருக்க முடியவில்லை: பஸ் காசு, போன கூலி, மனு எழுதுகிறவருக்கு, அப்புறம் அந்த 'டீச்செலவு'. எல்லாம் மிச்சம்.

நடந்ததா? நடந்தது. கொஞ்ச காலம்.

அக்கறையோடு முடுக்கிவிட்ட அதிகாரிகள் மாற்றலாகிப் போனார்கள். வந்தவர்களுக்கு இது யாரோ விட்டுப்போன வேலை. கிராமத்திலிருந்து மெயில் போகும். அந்தப் பக்கம் திறந்து பார்க்க ஆளில்லை. ராஜேந்திர குமார் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியும் மைக்கேல் பெஸ்ட் என்ற பேராசிரியரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பதிவு செய்திருக்கிறது. கோபுரத்தைக் குறை சொல்ல முடியாது, சிக்கல் நாற்காலியில்.

அடி வாங்கியது மையக்காரர்தான். 'காசு வாங்கினியே, சர்டிபிகேட் எங்கே?' என்று கேட்கிற பக்கத்துவீட்டுக்காரரிடம் என்ன சொல்வார்? கம்ப்யூட்டர் வகுப்பு, போட்டோ என்று ஓட்டிப் பார்த்தவர்களில் பலரும் கடையைச் சாத்தினார்கள்.

இப்போது இ-சேவை மையங்கள். வருவாய்த்துறைச் சான்றிதழுக்கு அறுபது ரூபாய். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., அதற்கு மேலே என்று ஒவ்வொரு திரையாகத் தாண்டி, கியூஆர் கோடோடு வருகிறது. மனு யாரிடம் நிற்கிறது என்பதை வீட்டிலிருந்தே பார்க்கலாம். வி.ஏ.ஓ.விடம் நிற்கிறது என்று தெரிந்ததும் என்ன செய்கிறோம்? வண்டியை எடுத்துக்கொண்டு அவரைத் தேடிப் போகிறோம்.