கல்லீரலுக்குப் பரவிய பெருங்குடல் புற்றுநோய்: சிகிச்சை

பெருங்குடலில் தோன்றிய புற்றணுக்கள் கல்லீரலில் தங்கி உருவாக்கும் இரண்டாம் நிலைக் கட்டிகளை அகற்றவோ கட்டுப்படுத்தவோ அளிக்கப்படும் மருத்துவம். குடலின் இரத்தம் போர்ட்டல் சிரை வழியே முதலில் கல்லீரலை அடைவதால், இந்நோய் மிகுதியாகப் பரவும் உறுப்பு அதுவே. முதற்கட்டியுடன் சேர்ந்தே தென்படுபவை, பின்னர் தோன்றுபவை எனக் கட்டிகள் இருவகைப்படும்.

நீண்டகால வாழ்வுக்கு முதன்மையான வழி அறுவை. கட்டிகளின் எண்ணிக்கையைவிட, எஞ்சும் கல்லீரலின் அளவே அதற்கு எல்லை வகுக்கிறது: நலமான கல்லீரலில் ஏறத்தாழ 20 விழுக்காடும், நீண்ட கீமோதெரபிக்குப் பின் 30 விழுக்காடும் எஞ்ச வேண்டும். கல்லீரல் மீண்டும் வளரும் இயல்புடையது. ஆகவே, எஞ்சும் பகுதி போதாதபோது, நோயுற்ற பக்கத்தின் போர்ட்டல் கிளையை அடைத்து மறுபக்கத்தை வளரவிட்டுப் பின்னர் அறுப்பர்.

ஃபுளூரோயுராசில், ஆக்சாலிபிளாட்டின், இரினோடெக்கான் ஆகியவை முக்கிய கீமோதெரபி மருந்துகள்; இவை கட்டியைச் சுருக்கி அறுவைக்கு ஏற்றதாக்கவும் கூடும். செட்டுக்சிமாப் என்னும் இலக்கு மருந்து, ராஸ் மரபணுப் பிறழ்வுள்ள கட்டிகளில் பயன்படாது; எனவே மரபணுச் சோதனை தவிர்க்கக்கூடாதது. சிறு கட்டிகள் நுண்ணலையால் சுட்டழிக்கப்படுகின்றன. அறுத்தகற்ற இயலாத, கல்லீரலுக்கு வெளியே பரவாத நோயில், கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குக் கல்லீரல் மாற்றுச் சிகிச்சையும் பலனளிப்பதை 2024இல் வெளியான டிரான்ஸ்மெட் ஆய்வு காட்டியது.