எம்டன் போர்க்கப்பல்: வரலாறும் தமிழர் நினைவும்

தமிழில் ‘அவன் பெரிய எம்டன்’ என்னும் வழக்கு உண்டு. அஞ்சத்தக்கவன், எதற்கும் துணிந்தவன், எளிதில் பிடிபடாதவன் என்று இடத்திற்கேற்ப அதன் பொருள் விரியும். இச்சொல் ஜெர்மனியில் எம்ஸ் ஆற்றங்கரையில் அமைந்த ஒரு துறைமுக நகரின் பெயர் என்பதையும், அந்நகரின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பலொன்றின் வழியாகவே அது தமிழுக்கு வந்தது என்பதையும் இன்றைய மாணவர் பலர் அறிவதில்லை. வகுப்பில் இப்பெயரைக் கூறினால் 2006இல் வெளிவந்த திரைப்படமே அவர்களுக்கு நினைவுக்கு வருகின்றது. அப்படமும் ‘எம்டன் மகன்’ என்றே முதலில் பெயரிடப்பட்டுப் பின்னர் ‘எம் மகன்’ என மாற்றப்பட்டதாகும்.

எம்டன் பெரிய கப்பலன்று. 1908இல் டான்சிக் நகரில் நீரிலிறக்கப்பட்ட அது, பத்து 10.5 செ.மீ. பீரங்கிகளைக் கொண்ட இலகுரகக் குரூசர் வகையைச் சேர்ந்தது. அதன் இணைக்கப்பலான டிரெஸ்டன் புதிய சுழலி எந்திரத்தைப் பெற்றிருக்க, எம்டனோ பழைய உந்துதண்டு நீராவி எந்திரத்திலேயே இயங்கியது. 1910இல் ஐரோப்பாவை விட்டுப் புறப்பட்டுச் சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தைத் தளமாகக் கொண்ட கிழக்காசியப் படைப்பிரிவில் சேர்ந்தது. அதன்பின் அது தாயகம் திரும்பவேயில்லை. 1914 ஆகஸ்டில் போர் மூண்டதும், அதன் தலைவர் கார்ல் ஃபொன் முல்லர் தனித்து இந்தியப் பெருங்கடலுக்குச் செல்ல இசைவு பெற்றார். மூன்று புகைபோக்கிகளுடைய கப்பலுக்கு நான்காவதாகப் போலிப் புகைபோக்கி ஒன்று பொருத்தப்பட்டது. தொலைவிலிருந்து காண்போர் அதனைப் பிரிட்டிஷ் குரூசர் என்றே கருதினர்.

செப்டம்பர் 10 முதல் வங்கக்கடலில் வணிகக் கப்பல்கள் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. முல்லர் மாலுமிகளைக் கொல்லவில்லை. அவர்களை வேறு கப்பலுக்கு மாற்றிய பின்னரே கப்பல்களை மூழ்கடித்தார். பகைநாட்டு ஏடுகளே அவருடைய பண்பைப் பாராட்டியது இதனாற்றான்.

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு ஒன்பதரை மணியளவில் எம்டன் சென்னைக் கடற்கரையை நெருங்கியது. போர்க்காலமாயினும் நகரில் விளக்குகள் அணைக்கப்பட்டிருக்கவில்லை. உயர்நீதிமன்றக் கட்டடத்தின் மீதிருந்த கலங்கரை விளக்கமும் வழக்கம்போல் ஒளிர்ந்தது. எம்டன் அரைமணி நேரத்திற்குள் ஏறத்தாழ 130 குண்டுகளைச் சுட்டது. பர்மா எண்ணெய் நிறுவனத்தின் கொள்கலன்கள் தீப்பற்றி எரிந்தன, துறைமுகத்தில் நின்ற கப்பலொன்றும் தாக்குண்டது, உயிரிழந்தோர் சிலரே. கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டும் எம்டன் தீண்டப்படவில்லை. பொருட்சேதத்தைவிட மனச்சேதமே பெரிது. ஆயிரக்கணக்கானோர் நகரை விட்டு வெளியேறினர். கடலை ஆள்பவர் என்று எண்ணப்பட்ட பிரிட்டிஷார் தம் வாயிற்படியையே காக்க இயலாதவர் என்பது ஓரிரவில் வெளிப்பட்டது. முல்லர் நாடியதும் அதுவே. அத்தாக்குதலை நினைவுகூரும் கல்வெட்டு உயர்நீதிமன்ற வளாகத்தின் கிழக்குச் சுவரில் உள்ளது.

இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். திருவனந்தபுரத்தில் பிறந்த விடுதலை வீரர் செண்பகராமன் பிள்ளை எம்டனில் இருந்தே சென்னையைத் தாக்க வழிகாட்டினார் என்னும் செய்தி மேடைகளிலும் நூல்களிலும் உறுதியான வரலாறு போலவே தொடர்ந்து கூறப்பட்டு வருகின்றது. நம் ஆசிரியர் சிலரும் இதனை மாணவர்க்குக் கற்பிக்கின்றனர். காலமும் இடமும் இக்கூற்றுக்கு இடந்தரவில்லை. எம்டன் 1914 ஜூலை 31இல் சிங்தாவிலிருந்து புறப்பட்டது. ஐரோப்பியத் துறைமுகம் எதனையும் அது தொடவில்லை. செண்பகராமனோ அவ்வாண்டு சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய ஆதரவுக் குழுவொன்றை நிறுவிச் செயற்பட்டு, பின்னர் பெர்லின் சென்றார். சூரிச்சிலிருந்த ஒருவர் வங்கக்கடலில் உலவிய கப்பலில் ஏறியிருக்க வழியில்லை. அவருடைய உண்மையான பணிகளே போதிய பெருமை உடையன; இல்லாத ஒன்றை ஏற்றிக்கூறுவது உள்ளவற்றையும் ஐயத்திற்கு உள்ளாக்கும் என்பது என் கருத்து.

நம் நாட்டினர் பெரிதும் மறந்துவிட்ட பகுதி பினாங்கில் நிகழ்ந்தது. அக்டோபர் 28 விடியற்காலையில் அதே போலிப் புகைபோக்கியுடன் எம்டன் ஜார்ஜ் டவுன் துறைமுகத்துள் நுழைந்தது. ரஷ்யக் குரூசரான ஜெம்சுக் அங்குக் கொதிகலன் பழுதுபார்ப்புக்காக நங்கூரமிட்டிருந்தது. அதன் தலைவர் கரையில் தங்கியிருந்தார். மிக அருகிலிருந்து செலுத்தப்பட்ட டார்பிடோக்களால் ஜெம்சுக் சில நிமிடங்களில் மூழ்கியது. ஏறத்தாழ தொண்ணூறு மாலுமிகள் மாண்டனர். வெளியேறும் வழியில் எதிர்ப்பட்ட பிரெஞ்சு நாசகாரிக் கப்பலான முஸ்கேயும் மூழ்கடிக்கப்பட்டது. நீரில் தத்தளித்த பிரெஞ்சு மாலுமிகளை எம்டன் நின்று மீட்டது. உயிர்நீத்த ரஷ்யர்க்கான நினைவுச்சின்னம் வெஸ்டர்ன் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் உள்ளது. ஜெரெஜாக் தீவிலும் கல்லறைகள் உள்ளன. சென்னையில் மாண்டோர் சிலர், பினாங்கில் மாண்டோர் பலர். எனினும் சொல்லாக நிலைத்தது சென்னையின் அச்சமே. நள்ளிரவு ஓட்டம் ஒரு நகரத்தின் பொது அனுபவம். பினாங்கில் மாண்டவரோ தொலைநாட்டு மாலுமிகள். மக்கள் வழக்கு இழப்பின் அளவை நோக்குவதில்லை போலும்.

எம்டனின் முடிவு விரைந்து வந்தது. நவம்பர் 9இல் கொக்கோஸ் தீவுகளிலிருந்த தந்தி நிலையத்தை அழிக்க ஐம்பது பேரளவில் கரையிறக்கப்பட்டனர். நிலையத்தார் அதற்கு முன்பே உதவி கோரிச் செய்தி அனுப்பிவிட்டனர். அருகே சென்றுகொண்டிருந்த ஆஸ்திரேலியக் குரூசர் சிட்னி விரைந்து வந்தது. அதன் பீரங்கிகள் பெரியவை, எட்டுந்தொலைவும் மிகுதி. சிதைந்த எம்டனை முல்லர் வடக்குக் கீலிங் தீவின் பவளப்பாறைமீது ஏற்றிவிட்டார். அதில் 130க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கரையிலிருந்தோரோ ஹெல்முத் ஃபொன் மியூக்கேயின் தலைமையில் ஆயிஷா என்னும் பழைய பாய்மரக் கப்பலைக் கைப்பற்றிச் சுமத்திரா சென்றனர்; அங்கிருந்து அரேபியா வழியாக 1915இல் கான்ஸ்டான்டிநோப்பிளை அடைந்தனர்.

எம்டனின் துணைக்கப்பல்களில் பிடிபட்ட ஜெர்மானியர் சிங்கப்பூரின் தங்ளின் முகாமில் அடைக்கப்பட்டிருந்தனர். 1915 பிப்ரவரி 15இல் ஐந்தாம் இலகு காலாட்படையின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது முதலில் விரைந்த இடங்களுள் ஒன்று அம்முகாம். காவலரை வீழ்த்திக் கைதிகளைத் தம்முடன் சேருமாறு அழைத்தனர். கைதிகளுட் பெரும்பாலோர் சேரவில்லை. எம்டனின் அதிகாரியான லவுட்டர்பாக்கும் சிலரும் மட்டும் அக்குழப்பத்தைப் பயன்படுத்தித் தீவைவிட்டுத் தப்பினர். சிப்பாய்களுள் நாற்பதுக்கும் மேற்பட்டோர் ஊட்ரம் சாலைச் சிறைச்சுவரருகே சுட்டுக் கொல்லப்பட்டனர்.