டெய்லர் வீட்டுப் பிள்ளைகள்

அக்கா மகளுக்கு ஃபேஷன் டிசைன் படிக்கணுமாம். "மாமா, எந்த காலேஜ்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டாள். அக்காவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. "தாத்தா மெஷின் மிதிச்சது போதாதா?" என்கிறாள். எங்கள் தாத்தா டெய்லர். அப்பா அரசு வேலைக்குப் போனார், நான் பி.இ. முடித்து சாஃப்ட்வேருக்கு வந்தேன். மூன்று தலைமுறையாக ஏறிய படியில் இவள் இறங்கப் பார்க்கிறாள் என்பது அக்காவின் கணக்கு.

எனக்குத் தெரிந்த ஒரே வழி, எக்செல் ஷீட் திறந்தேன். ஃபீஸ், ஹாஸ்டல், நுழைவுத் தேர்வு, பிளேஸ்மெண்ட். 'எந்த அமைச்சகம்' என்ற கட்டத்தில் நிஃப்டுக்கு நேராகக் கல்வி அமைச்சகம் என்று அடித்துவிட்டு, எதற்கும் சரிபார்ப்போமே என்று தேடினால், ஜவுளி அமைச்சகம்! அகமதாபாத் என்.ஐ.டி.யோ வணிகம், தொழில் அமைச்சகத்தின் கீழ். இரண்டுமே கல்வித் துறையில் இல்லை. அன்றைக்கு ஷீட் அப்படியே நின்றது. நான் வரலாற்றுப் பக்கம் போய்விட்டேன், வழக்கம்போல.

நிஃப்ட் 1986இல் டெல்லியில் ஆரம்பித்தது. நம் ஆயத்த ஆடை ஏற்றுமதி வளர்ந்துகொண்டிருந்த நேரம். வெளிநாட்டு பையர் தரும் டிசைனைத் தைத்து அனுப்பினால் மட்டும் போதாது, இங்கேயே டிசைன் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்ற தேவை. பாடத்திட்டத்துக்குக் கைகொடுத்தது நியூயார்க்கின் ஃபேஷன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி, சுருக்கமாக எஃப்.ஐ.டி. சென்னை தரமணி வளாகம் 1995இல் வந்தது. 2006இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றிய பிறகுதான் நிஃப்ட் சொந்தமாகப் பட்டம் கொடுக்க ஆரம்பித்தது. அதற்கு முன் டிப்ளமோதான்.

அந்த எஃப்.ஐ.டி. பிறந்த கதையைப் படித்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1940களில் நியூயார்க் ஆடைத் தொழிலில் ஒரு பயம் வந்தது. தொழிலைத் தூக்கி நிறுத்தியவர்கள் ஐரோப்பாவிலிருந்து குடியேறிய தையல்காரர்கள். அவர்களுடைய பிள்ளைகளோ கல்லூரிக்குப் போய் வேறு உத்தியோகம் தேட ஆரம்பித்துவிட்டார்கள். கத்தரிக்கோலைப் பிடிக்க அடுத்த ஆள் இல்லை. எங்கள் வீட்டுக் கதையேதான்! சரி, கல்லூரிதான் வேண்டுமென்றால் தொழிலையே கல்லூரிக்குள் கொண்டுபோவோம் என்று முடிவெடுத்தார்கள். தையல் பின்னணி கொண்ட ஆசிரியர் மார்டிமர் ரிட்டரும், ஓய்வுபெற்ற ஆடை உற்பத்தியாளர் மாக்ஸ் மேயரும் முன்னின்றார்கள். 1944இல், தையல் தொழில் கற்பிக்கும் ஓர் உயர்நிலைப் பள்ளியின் இரண்டு மாடிகளில், 100 மாணவர்களோடு ஆரம்பம்.

பாரிஸ் கதை வேறு. அங்கே 1927இல் பள்ளியைத் தொடங்கியது ஓத் கூத்தூர் ஆடை நிறுவனங்களின் சங்கம். தங்கள் பட்டறைக்குத் தேவையான கைகளைத் தாங்களே தயார் செய்துகொள்ளும் ஏற்பாடு. ஈவ் சான் லோரான் அங்கே கொஞ்ச காலம்தான் படித்தார். 1955இல் டியோர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸோ அடிப்படையில் ஓவியப் பள்ளி. 1930களில் மியூரியல் பெம்பர்டன் அங்கே ஃபேஷனைக் கொண்டுவந்தார். அங்கே துணியைவிட யோசனைக்கு மதிப்பு அதிகம் என்றுதான் எனக்குப் படுகிறது. அலெக்சாண்டர் மெக்வீன் விஷயம்தான் சுவாரசியம். டாக்ஸி டிரைவர் மகன். பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு 16 வயதில் சாவில் ரோ டெய்லர் கடையில் கோட் தைக்கக் கற்றுக்கொண்டவர். செயின்ட் மார்ட்டின்ஸுக்கு அவர் போனது பேட்டர்ன் கட்டிங் சொல்லித்தரும் வேலை கேட்டு! வேலை கிடைக்கவில்லை, முதுகலை வகுப்பில் இடம் கொடுத்தார்கள். ஃபீஸ் கட்டியது அவருடைய அத்தை. 1992இல் அவர் படிப்பு முடித்த கலெக்‌ஷன் மொத்தத்தையும் இசபெல்லா ப்ளோ வாங்கிக்கொண்டார். கை ஏற்கெனவே பழகியிருந்தது, பள்ளி அதற்குத் துணிச்சல் கொடுத்தது, அவ்வளவுதான். கை பழகாமல் அதே வகுப்புக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அக்கா மகளிடம் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை, குறித்துக்கொண்டாள்.

ஒரு பள்ளி யாருடைய தேவைக்காகப் பிறந்ததோ, அந்த வாசனை பாடத்திட்டத்தில் ரொம்ப நாள் போகாது என்பது என் கணிப்பு. ஏற்றுமதிக்காகப் பிறந்த பள்ளியில் செலவுக் கணக்கு, உற்பத்தி, மெர்சண்டைசிங் எல்லாம் பலமாக இருக்கும். ஓவியப் பள்ளியில் பிறந்த துறை அதையெல்லாம் இரண்டாம்பட்சமாக வைக்கும். 'டாப் 10' பட்டியல் எதிலும் இது வராது. நான் பி.இ. சேர்ந்தபோது இதையெல்லாம் யார் கேட்டார்கள்? கவுன்சிலிங்கில் அப்பா விரல் வைத்த இடத்தில் சேர்ந்தேன். மூன்றாம் வருஷம்தான் லேபில் பாதி மெஷின் ஓடாது என்று தெரிந்தது.

ஆகவே ஷீட்டில் பழைய கட்டங்களுக்கு முன்னால் இரண்டு புதுக் கட்டங்கள் சேர்த்தோம். யார், எதற்காக ஆரம்பித்தார்கள்? முதல் வருஷம் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கட்டிங் டேபிள் கிடைக்கும்? முதலாவதை நான் நிரப்பிவிட்டேன். இரண்டாவது எந்த வெப்சைட்டிலும் இல்லை. அங்கே படிக்கிற பிள்ளைகளைத்தான் கேட்கணும். வரும் சனிக்கிழமை தரமணி போகிறோம்.

எஃப்.ஐ.டி. கதையை அக்காவிடமும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "தாத்தா பேப்பர்ல வெட்டி வெச்சிருந்த ஜாக்கெட் அளவெல்லாம் பரண்ல கிடக்கும், தேடிப் பாரு" என்றாள். சனிக்கிழமை அவளும் வருகிறாளாம்.