'நான்' என்று சொல்வது யார்?



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். கைப்பேசியில் தொடர்கதை எழுதுகிறாள், நிறையப் பேர் படிக்கிறார்களாம். "டீச்சர், கதையை 'நான்'னு சொன்னா பாதிப் பேர் பிடிக்கலைங்கறாங்க. 'அவள்'னு சொன்னா மீதிப் பேர் மனசுல ஒட்டலைங்கறாங்க. எதுதான் சரி?" என்று கேட்டாள். தன்மை, முன்னிலை, படர்க்கை என்று பிரம்போடு நின்று நடத்தியவள் நான்தானே, அதனால் என்னிடம் கேட்டிருக்கிறாள். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை இது. இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழின் முதல் நாவலே தன்மையில்தான் எழுதப்பட்டது. மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்', 1879. பிரதாப முதலியாரே தன் கதையைச் சொல்கிறார். திண்ணையில் உட்கார்ந்து ஒரு பெரியவர் பேசுவது போலக் கதைக்குள் கதையாகப் போகும். அந்த நாவலில் பெரிய காரியம் செய்வது அவர் மனைவி ஞானாம்பாள். ஆண் வேடம் போட்டு ஒரு நாட்டையே ஆள்கிறாள்! ஆனால் 'நான்' என்று சொல்லும் உரிமை கணவரிடம் இருக்கிறது. ஞானாம்பாளை நாம் அவர் கண் வழியாகவே பார்க்கிறோம்.

பதினைந்து வருடத்துக்குள் இது மாறிவிட்டது. 1893-இல் 'விவேக சிந்தாமணி' பத்திரிகையில் ராஜமையர் 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதத் தொடங்கினார். படர்க்கையில்தான் கதை போகும், ஆனால் ஆசிரியர் ஒளிந்துகொள்ள மாட்டார். நம்மோடு கூடவே வந்து பேசுவார், கிண்டல் செய்வார். (அதில் வரும் தமிழ் வாத்தியார் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளையைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். நம் வாத்தியார் இனத்தையே கேலி செய்திருக்கிறார், இருந்தாலும் கோபம் வரவில்லை.)

அதற்குப் பிறகு வெகுகாலம் பத்திரிகைத் தொடர்கதை வாசகர்களுக்குப் பிடித்தது இந்த வகைதான் என்று நினைக்கிறேன். கதாபாத்திரங்கள் 'அவன்', 'அவள்' என்று இருப்பார்கள், கையைப் பிடித்து அழைத்துப் போக ஆசிரியர் ஒருவர் இருப்பார். 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை கல்கி 'பொன்னியின் செல்வன்' எழுதியதும் அப்படித்தான். முதல் பக்கத்திலேயே வாசகரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு புறப்படுகிறார்.

இது ஏன் பிடித்தது? எனக்குத் தோன்றும் காரணம் ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் கதையைத் தனியாக யாரும் படித்ததில்லை. மாலையில் பெரியம்மா உரக்கப் படிப்பார், பாட்டி முதல் பக்கத்து வீட்டு அத்தை வரை சுற்றி உட்கார்ந்து கேட்போம். உரக்கப் படிக்கும்போது 'நான்' என்று வந்தால் படிப்பவரே சொல்வது போல ஆகிவிடும். பெரியப்பா ஈசிசேரில் சாய்ந்திருக்கும் கூடத்தில் "நான் அவரை விரும்பினேன்" என்று பெரியம்மா எப்படிப் படிப்பார்? 'அவள் விரும்பினாள்' என்றால் யாருக்கும் சங்கடம் இல்லை.

1966-இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை வந்தது. அப்போது நான் சின்னப் பிள்ளை. பெரியம்மா பைண்ட் செய்து வைத்திருந்த கதைகளில் பிறகுதான் படித்தேன். மழை நாளில் பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரி மாணவியை ஒருவன் காரில் ஏற்றிக்கொள்கிறான். கெட்டுப்போனவளாக அவள் வீடு திரும்புகிறாள். அடித்து அழும் தாய், பிறகு அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சேர்த்துக்கொள்கிறாள். இவ்வளவுதான் கதை. அதற்கு எழுந்த எதிர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல. முடிவை மாற்றி வேறு கதை எழுதியவர்கள்கூட உண்டு. ஆனால் எல்லாரும் வாதாடியது அந்தத் தாயைப் பற்றித்தான், அவள் செய்தது சரியா தப்பா என்று. அந்தப் பெண் 'அவள்' என்று கதைக்குள் இருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை.

ஜெயகாந்தன் அதை விடவில்லை. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நாவலே எழுதினார். 'தினமணி கதிர்' இதழில் தொடராக வந்து, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்று 1970-இல் புத்தகமானது. அதற்கு 1972-இல் சாகித்ய அகாதமி விருதும் கிடைத்தது. அதில் அந்தப் பெண்ணுக்குக் கங்கா என்று பெயர் வந்தது, 'நான்' என்ற சொல்லும் வந்தது. அண்ணன் வீட்டை விட்டு விரட்டியது, மாமா படிக்க வைத்தது, அந்த மாமாவின் பார்வையே சரியில்லாமல் போனது, உத்தியோகத்தில் உயர்ந்தும் ஊர் வாய் மூடாதது, எல்லாவற்றையும் கங்காவே சொல்கிறாள். ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதிய சிறுகதையை நாவலுக்குள் அவளே படிக்கிறாள். தன் கதையை இன்னொருவர் படர்க்கையில் எழுதியதைத் தன்மையில் இருப்பவள் படிக்கிறாள்! இலக்கணப் புத்தகத்தில் இதற்கு உதாரணம் கிடைக்காது.

ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் விடுதியில் அந்த நாவல் கைமாறிக்கொண்டே இருந்தது. எங்களுக்குள் பெரிய சண்டை. சிறுகதைதான் உயர்ந்தது, 'அவள்' என்று தள்ளி நின்று பார்த்தால்தான் அழுகை வருகிறது என்றார்கள் சிலர். என் பக்கத்துப் படுக்கைக்காரி நாவலைப் பாதியில் மூடி வைத்துவிட்டாள். "படிக்கும்போது என்னை யாரோ பார்க்கிற மாதிரி இருக்கு" என்றாள். நான் சிறுகதைக் கட்சி. அன்றைக்கு அப்படித்தான் பேசினேன்.

இனி சொல்வதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

உங்களுக்கெல்லாம் கட்டுரை எழுதக் கொடுப்பேனே, 'தன்வரலாறு கூறுதல்', நினைவிருக்கிறதா? குடை பேசும், ஆறு பேசும், பத்து ரூபாய் நோட்டு பேசும். வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' 1915-லேயே அப்படிப் பேசியிருக்கிறது. ருக்மிணியின் துயரத்தை மரம் பார்த்துக்கொண்டே நிற்கும், தடுக்க அதற்குக் கை கிடையாது. மரத்துக்கும் குடைக்கும் 'நான்' கொடுத்த நாங்கள், பிள்ளைகளை அவர்கள் கதையை எழுதச் சொன்னதில்லை.

1990 வாக்கில், கோவில்பட்டிப் பக்கத்து நடுநிலைப் பள்ளியில், எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி 'குடம்' எழுதினாள். குயவர் சக்கரத்தில் தொடங்கி ஒழுங்காகத்தான் போனது. கடைசியில் குடம் இப்படிச் சொன்னது: "என்னைச் சுமக்கும் பிள்ளை அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் போகாது. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும். அது ராத்திரி அழும்போது நான் மூலையில் இருந்து கேட்பேன்." நான் சிவப்பு மையில் அந்த வரிகளை அடித்து, 'தலைப்பை விட்டு விலகாதே' என்று எழுதினேன். பத்துக்கு ஆறு மதிப்பெண். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அவள் மேல்படிப்புக்குப் போகவில்லை என்று மற்ற பிள்ளைகள் சொன்னார்கள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பல வருடம் கழித்து, கங்கா அந்தச் சிறுகதையைப் படிக்கும் இடத்தை மறுபடி படித்தபோதுதான் குடம் ஞாபகம் வந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், விடுதித் தோழி மூடியது போலவே.

ஆகவே, தொடர்கதை எழுதும் என் செல்வமே, வாசகருக்கு எது பிடிக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு இன்றைக்கும் கல்கியோடு போவதுதான் சுகம். ஆனால் உன் கதையில் எல்லாரும் யாரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார்களோ, அந்த மூத்த மருமகளுக்கு ஒரு அத்தியாயமாவது 'நான்' கொடுத்துப் பார். பிடிக்கவில்லை என்பவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும்.

அந்த வருடம் அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் படித்தவர்கள் இதைப் படித்தால், சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளை யாரென்று உங்களுக்குத் தெரியும். பெயரை இங்கே யாரும் எழுத வேண்டாம். எங்கேயாவது பார்த்தால் என் போன் நம்பரைக் கொடுங்கள், டீச்சர் கேட்டார் என்று சொல்லுங்கள்.