கடனாளியைக் கண்டறிதல்: பர்மாவிலும் இலங்கையிலும் தமிழர் கடன் வாழ்வின் இரு முகங்கள்

முன்னுரை

கொடுத்த கடனைத் திரும்பப் பெறுவதற்குக் கடனாளி இருக்குமிடம் தெரிந்திருக்க வேண்டும். அவர் காட்டிய ஈடு மெய்யானதா என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இவ்விரண்டையும் நேரில் சென்று விசாரித்து அறிந்து சொல்லும் பணி இன்று பல நாடுகளில் தனித் தொழிலாக நடைபெறுகிறது. மேலை நாடுகளில் இதற்கு நெடிய வரலாறு உண்டு. பாரிசில் பிரான்சுவா விடோக் 1833இல் தொடங்கிய நிலையம், வணிகர்களை ஏமாற்றுவோரைப் பற்றிய செய்திகளைத் திரட்டிச் சந்தாதாரர்களுக்கு வழங்கியது. நியூயார்க்கில் லூயிஸ் டப்பன் 1841இல் நிறுவிய அமைப்பு, ஊர்தோறும் இருந்த செய்தியாளர்கள் வழியாக வணிகர்களின் நாணயத்தை மதிப்பிட்டுக் கூறியது.

கடல் கடந்து சென்ற தமிழரிடையே இப்பணி வேறு பதவிகளுக்குள் அடங்கியிருந்தது. பர்மாவில் வட்டிக்கடை முகவரும், கொழும்பில் வங்கியின் சராப்பும், இலங்கை மலையகத் தோட்டங்களில் கங்காணியும் தத்தம் வேலையின் ஒரு கூறாக இதனைச் செய்தனர். இவர்களுள் சிலர் தமிழ்க் கடன்காரருக்காகப் பிறரை விசாரித்தனர்; சிலர் பிறருக்காகத் தமிழ்க் கடனாளிகளைத் தேடினர். கடனுக்கு ஈடாக எது வைக்கப்பட்டது என்பதே, தேடல் எதைப் பற்றியது, அதன் சுமை யார்மீது விழுந்தது என்பவற்றைத் தீர்மானித்தது என இக்கட்டுரை கருதுகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலான காலம் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

1. நிலம் ஈடான கடன்: கீழ்ப் பர்மா

1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்டது. 1869இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டபின் ஐராவதிக் கழிமுகத்தின் நெல் உலகச் சந்தைக்குச் செல்லும் பொருளாயிற்று. மேல் பர்மாவிலிருந்து வந்த குடியானவர்கள் காடு திருத்திப் புதிய வயல்களை உண்டாக்கினர். 1876ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி, 12 ஆண்டுகள் தொடர்ந்து நிலத்தை அனுபவித்து வரி செலுத்தியவர் அதன்மீது நிலையான உரிமை பெற்றார். உரிமை பெற்ற நிலத்தை அடைமானம் வைக்கவும் இயன்றது. நாட்டுக்கோட்டை நகரத்தார் இக்கழிமுகத்தில் பரவியதற்குச் சட்டப் பின்னணி இதுவே.

1929–30இல் பர்மா மாகாண வங்கியியல் விசாரணைக் குழு ஆய்ந்தபோது, அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றில் புழங்கிய முதல் 75 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது. கீழ்ப் பர்மாவில் மக்கள் செறிந்த பகுதிகள் அனைத்திலும் உழவர் ஒருவர் ஒரு நாள் பயணத்தில் செட்டியார் கடையொன்றை அடைய முடிந்தது என்று அக்குழு குறிப்பிட்டது. இந்த அண்மையே விசாரணையின் அடிப்படை. முகவர் பர்மிய மொழி பேசக் கற்றார். நடவுக்குக் கடன் கொடுத்து அறுவடைக்குப் பின் தண்டினார். உழவருக்கு நேரே கொடுத்ததுடன், உள்ளூர்ப் பர்மியக் கடன்காரர்களுக்கு மொத்தமாகவும் கொடுத்தார். அவர்கள் வழியாக முகவரின் அறிவு அவர் கால்படாத ஊர்களுக்கும் எட்டியது.

இக்கழிமுகத்தில் மக்கள் ஓரிடத்தில் நிலைத்திருக்கவில்லை. புதுக்காடு தேடிப் பெயர்ந்தவரும், குத்தகை முடிந்ததும் வேறூர் சென்றவரும் பலர். எனினும் ஆள் பெயர்ந்தாலும் நிலம் பெயராது. ஆகவே முகவரின் விசாரணை ஆளைக் காட்டிலும் நிலத்தையே பற்றியிருந்தது. அனுபவத்தில் இருப்பவர் யார், வரி யார் பெயரில் செலுத்தப்படுகிறது, 12 ஆண்டு நிறைந்ததா, அதே நிலத்தின்மீது முந்தைய அடைமானம் உண்டா என்பவை பணம் கைமாறுமுன் விடை காண வேண்டிய வினாக்கள். இவற்றில் தவறியவருக்கு மிஞ்சியது நீதிமன்ற வழக்கே.

நெல்விலை நின்றவரை இம்முறை நன்கு நடந்தது. 1930இல் விலை வீழ்ந்தபோது, கடனாளி யார், எங்கிருக்கிறார், நிலம் எது என்பனவெல்லாம் தெளிவாகத் தெரிந்திருந்தும் கடன் தண்ட இயலவில்லை. ஈடாக வைத்த நிலங்கள் கடன்காரர் வசமாயின. முதன்மையான 13 நெல்விளைச்சல் மாவட்டங்களில் செட்டியார் கையிலிருந்த நிலம் 1930இல் 6 விழுக்காடு. 1938இல் அது 25 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 25 லட்சம் ஏக்கர். பணமாகச் சுழல வேண்டிய முதல் மண்ணில் முடங்கியது நகரத்தாருக்கு இழப்பு. தலைமுறை உழைப்பில் திருத்திய வயலில் குத்தகையாளராக நின்றது பர்மிய உழவருக்கு அதனினும் பெரிய இழப்பு. 1942இல் சப்பானியப் படையெடுப்பும் 1948இல் நில நாட்டுடைமைச் சட்டமும் இக்கணக்கை முடித்துவைத்தன.

2. முகவரையும் முதலாளியையும் விசாரித்தல்

வட்டிக்கடை நிறுவனம் அஞ்சிய மோசடி கடனாளியிடமிருந்து மட்டும் வரக்கூடியதன்று. முதலாளி செட்டிநாட்டில் இருந்தார். அவருடைய பணம் முகவரின் கையில், கடலுக்கு அப்பால் இருந்தது. முகவர் பொய்க் கடனாளியைக் கணக்கில் எழுதினால் அதனை எவ்வாறு கண்டறிவது?

இதற்கு நகரத்தார் பல காப்புகளை ஏற்படுத்தியிருந்தனர். முகவர் சம்பளச் சீட்டு எழுதிக்கொடுத்துப் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்குச் சென்றார். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாளாகிப் பின்னரே பொறுப்புள்ள நிலைக்கு உயர்ந்தமையால், அவரது நடத்தை பல ஆண்டுகள் பார்க்கப்பட்டிருந்தது. கணக்கு விவரங்களும் ஐந்தொகையும் ஊருக்கு அனுப்பப்பட்டன. தவணை முடிந்து பொறுப்பேற்க வரும் புதிய முகவர் பழைய நிலுவைகளைத் தம் கணக்கில் ஏற்க வேண்டியிருந்ததால், அவற்றின் உண்மையை அறிவதில் அவருக்கே நலன் இருந்தது. பல கடைகள் ஒரே கூரையின்கீழ் இயங்கிய கிட்டங்கி அமைப்பில் ஒருவர் நடவடிக்கை மற்றவர் கண்ணுக்குத் தப்புவது அரிது. இவற்றுக்கெல்லாம் மேலாக, முகவரின் வீடும் உறவும் கோயிலும் செட்டிநாட்டில் இருந்தன. முகவர் எங்குச் சென்றாலும் அவரைக் கண்டறியும் இடம் அவருடைய சொந்த ஊரே.

கொழும்பில் இவ்விசாரணை மேல்நோக்கித் திரும்பியது. செட்டியார் தெருவின் கடைகள் ஆங்கிலேய வங்கிகளிடம் கடன் பெற்றே பெருமளவு தொழில் செய்தன. அவ்வங்கிகளின் மேலாளர்கள் தமிழ்க் கணக்கையும் குடும்பத் தொடர்புகளையும் அறியாதவர்கள். ஆகவே சராப்பு எனப்பட்ட பிணைத் தரகரை அமர்த்தினர். எந்தக் கடைக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று சொல்வதும், சொன்ன சொல்லுக்குத் தாமே பிணை நிற்பதும் அவர் கடமை. தவறாக மதிப்பிட்டால் இழப்பு அவரையே சாரும் என்பதே அவருடைய சொல்லுக்கு மதிப்பளித்தது. ஆயினும், 1925இல் செட்டியார் நிறுவனங்கள் சில நொடித்தபோது வங்கிகள் தெரு முழுவதற்குமே கடனை இறுக்கின. தனித்தனியே நாணயத்தை அளந்த முறை, அச்சம் பரவிய நேரத்தில் தளர்ந்துபோயிற்று.

3. ஆள் ஈடான கடன்: இலங்கை மலையகம்

காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர் கடனுடனேயே வேலையில் சேர்ந்தனர். வழிச்செலவும், ஊரில் தீர்க்க வேண்டிய பழைய கடனும், அரிசியும் முன்பணமாக அவர்கள் பெயரில் எழுதப்பட்டன. தோட்டத்துரை பெரிய கங்காணிக்குக் கொடுத்த முன்பணம் சில்லறைக் கங்காணிகள் வழியாகக் குடும்பங்களுக்குச் சென்றது. தொழிலாளரிடம் அடைமானம் வைக்க நிலமில்லை. கடனுக்கு ஈடாக நின்றது அவருடைய உழைப்பும் உடலுமே. ஈடு காலால் நடந்து சென்றுவிடக் கூடியது. எனவே இங்குத் தேடல் முழுவதும் ஆளைப் பற்றியதாயிற்று.

சட்டமும் அதற்குத் துணைநின்றது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் வேலையை விட்டு ஓடுவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். கடன் தவறுதல் உரிமையியல் வழக்காக இருக்க, கடனுள்ள தொழிலாளி இடம்பெயர்வது குற்றவியல் வழக்காயிற்று. பர்மிய உழவரும் மலையகத் தொழிலாளரும் கடனாளிகள் என்ற வகையில் ஒத்தவர்களாயினும், ஓடிப்போனதற்காகச் சிறை செல்லும் நிலை பின்னவருக்கே உரியது.

இம்முறையின் மையத்தில் இருந்தது ‘துண்டு’. குறிப்பிட்ட தொழிலாளரின் கடனைச் செலுத்தினால் அவரை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக்கொடுத்த சீட்டு அது. கங்காணி துண்டுடன் வேறு தோட்டங்களுக்குச் சென்று, கடனைத் தீர்த்து ஆட்களை ஏற்கும் துரையைத் தேடினார். புதிய துரை பழைய கடனுக்கும் மேலாக முன்பணம் கொடுத்தால் மிகுதி கங்காணியின் கையில் தங்கியது. கடனோ தொழிலாளர் பெயரிலேயே வளர்ந்தது. தாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்பதைச் சரிபார்க்க எழுத்தறியாத தொழிலாளருக்கு வழியில்லை. தோட்டங்களுக்கிடையே கடனாளியின் இருப்பிடத்தையும் தொகையையும் சொல்லும் அறிக்கையாகத் துண்டு பயன்பட்டது. அதனை வாசிக்க இயலாதவர் யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவரே.

இதில் கங்காணி ஒரே நேரத்தில் கடன் கொடுப்பவராகவும், கடனாளியைக் காப்பவராகவும், ஓடியவரைத் தேடுபவராகவும் இருந்தார். முன்பணத்தை வாங்கிக்கொண்டு ஆள் கொண்டுவராத கங்காணிகளைப் பற்றித் துரைமார் ஓயாது முறையிட்டனர். 1901இல் தகரச் சீட்டு முறை வந்தது. தோட்டத்தின் எண்ணும் வரிசை எண்ணும் பொறித்த சிறு தகரவில்லையைத் தாங்கி வந்த தொழிலாளர் அந்தத் தோட்டத்தின் கணக்கில் பயணம் செய்தனர். 1904இல் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழில் ஆணையகம் நிறுவப்பட்டது. விசாரணை இவ்வாறு கங்காணியின் நினைவிலிருந்து அலுவலகத்தின் பதிவேட்டுக்கு நகர்ந்தது.

மலாயாவில் வேறு வழி மேற்கொள்ளப்பட்டது. 1907இல் ஏற்பட்ட தமிழர் குடிவரவு நிதியில் தொழிலாளரை அமர்த்திய முதலாளிகள் அனைவரும் பங்களித்தனர். வழிச்செலவு பொதுநிதியிலிருந்து வந்ததால் அது தனியாள் கடனாக எழுதப்படவில்லை. கடன் நீங்கிய அளவுக்கு ஆளைத் துரத்தும் தேவையும் குறைந்தது. இலங்கையில் துண்டு முறையும், வேலையை விட்டுச் செல்வதற்கான சிறைத்தண்டனையும் 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் நீங்கின.

4. பதிவேடும் குடியுரிமையும்

துண்டு ஒழிந்தபின்னும் பதிவுகள் தொடர்ந்தன. தோட்டத்தின் செக்ரோலில் தொழிலாளரின் பெயர் நாள்தோறும் இருந்தது. பிரட்டுக் களத்தில் அவர் நாள்தோறும் எண்ணப்பட்டார். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரைக் குடியுரிமைக்கு வெளியே நிறுத்தியது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாக்கித்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம், 1946 சனவரி 1க்கு முன் இடைவிடாத வதிவை மெய்ப்பிக்குமாறு கேட்டது: மணமானவருக்கு 7 ஆண்டு, மணமாகாதவருக்கு 10 ஆண்டு. 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேரே.

கடனுக்காகவும் வேலைக்காகவும் தோட்டந்தோட்டமாக எண்ணி வைக்கப்பட்ட மக்கள், உரிமை கோரியபோது தாம் அங்கே வாழ்ந்ததைத் தாமே மெய்ப்பிக்க வேண்டியவராயினர். அதற்குரிய ஏடுகள் பெரும்பாலும் தோட்ட நிருவாகத்தின் கையில் இருந்தன. ஒருவரைக் கண்டறிவதற்காக எழுதப்பட்ட பதிவு அவருக்குச் சான்றாகப் பயன்படுமா என்பது, அதனை வைத்திருப்பவரின் விருப்பத்தைப் பொறுத்ததாயிற்று.

முடிவுரை

ஈடு நிலமாக இருந்த பர்மாவில் விசாரணை நிலத்தையும், பிணை சொல்லாக இருந்த கொழும்பில் அது நாணயத்தையும், ஈடு ஆளாக இருந்த மலையகத்தில் அது மனிதரின் நடமாட்டத்தையும் பற்றியது. முதல் இரண்டில் தவறான மதிப்பீட்டின் இழப்பு விசாரித்தவரையும் தொட்டது. மூன்றாவதில் அது தேடப்பட்டவரின் கடனில் மேலும் ஒரு வரியாக ஏறியது. கங்காணிமுறையின் கொடுமைக்குத் தனிமனிதரின் பேராசையை மட்டும் காரணமாகக் காட்டுவது போதாது என்பது இவ்வொப்பீட்டால் தெரியவரும்.

நகரத்தாரின் பேரேடுகளும் ஐந்தொகைகளும் அவர்கள் தாமே எழுதியவை. மலையகத் தொழிலாளரைப் பற்றிய துண்டும் தகரச்சீட்டும் செக்ரோலும் அவர்களைப் பிடித்து வைக்க விரும்பியவர் உருவாக்கியவை. புலம்பெயர் தமிழர் வரலாற்றை எழுதுவோர் இவ்விருவகைச் சான்றுகளையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கலாகாது. துண்டில் உள்ள தொகை தொழிலாளர் பெற்ற பணத்தின் அளவு ஆகாது. அவரை விடுவிக்க மற்றவர் கேட்ட விலை அது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு தோட்ட ஏடுகளைத் தேடிப் பாதுகாப்பதும், மலையகக் குடும்பங்களின் வாய்மொழி வரலாற்றுடன் அவற்றை ஒப்பிடுவதும் ஆய்வுலகின் உடனடிக் கடமையாகும்.