என்னான்னு கேக்கறது?

அக்காவுக்கு 41 வாரம் முடிந்த அன்று நான்தான் காரோட்டிக்கொண்டு போனேன். டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். "நாளைக்குக் காலையில அட்மிட் ஆயிடுங்க, இன்டியூஸ் பண்ணிடலாம்" என்றார். "சரிங்க டாக்டர்" என்றாள் அக்கா. மொத்தமே நாலு நிமிடம்தான். காரில் ஏறியதும், "ஏன்க்கா, வேற வழி இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றேன்.

"என்னான்னு கேக்கறது?" என்றாள்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தான். ஆனால் அந்தப் பதில் என்னை விடவில்லை. பிரசவ வலியை மருந்தாலோ கருவியாலோ வரவழைக்கும் வழக்கத்தின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கியது அதனால்தான்.

1756ல் லண்டனின் பேர்பெற்ற மருத்துவர்கள் கூடி ஒரு கேள்வியை விவாதித்ததாக தாமஸ் டென்மன் எழுதிவைத்திருக்கிறார். இடுப்பெலும்பு மிகக் குறுகிய பெண்ணுக்கு, குழந்தை முழுதாக வளர்வதற்கு முன்பே வலியை வரவழைக்கலாமா? அது பலன் தருமா, அறமாகுமா? செய்யலாம் என்று முடிவானது. அன்றைக்கு இருந்த மாற்று வழி, தாயைக் காப்பாற்ற வயிற்றிலேயே குழந்தையைச் சிதைத்து எடுப்பது. அதை நினைத்தால் அந்த முடிவு கருணையானதுதான். ஆனால் கூடியவர்கள் எல்லாரும் ஆண்கள்.

அடுத்து ஒரு பொடி வந்தது. ரை தானியக் கதிரில் வளரும் எர்கட் என்ற பூஞ்சையை ஐரோப்பிய மருத்துவச்சிகள் வெகுகாலமாக அறிந்திருந்தார்கள். 1808ல் ஜான் ஸ்டேர்ன்ஸ் என்ற நியூயார்க் மாநில மருத்துவர் அதைப் பற்றி எழுதினார். இழுத்துக்கொண்டே போகும் பிரசவத்தை அது விரைவாக்கும் என்றவர், மருத்துவருக்கு நேரம் மிச்சமாகும் என்பதையும் அதன் சிறப்பாகச் சொன்னார். ஆனால் எர்கட் கொடுத்தால் கருப்பை இறுகியபடியே நிற்கும், இடையில் தளராது. உள்ளே குழந்தைக்கு மூச்சு முட்டும். 1824ல் டேவிட் ஹோசாக் இதைப் பிரசவப் பொடி என்பதைவிட மரணப் பொடி என்பதே பொருத்தம் என்று எச்சரித்தார்.

20ஆம் நூற்றாண்டு வேகமாக நகர்ந்தது. பிட்யூட்டரி சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருங்கவைப்பதை 1906ல் ஹென்றி டேல் கண்டார். அந்தச் சாற்றிலுள்ள ஆக்சிடோசினை 1953ல் வின்சென்ட் டு விக்னோ செயற்கையாக உருவாக்கினார். 1955ல் நோபல் பரிசு பெற்றார். கருப்பை வாய் எவ்வளவு தயாராக இருக்கிறது என்று மதிப்பெண் போடும் முறையை 1964ல் எட்வர்ட் பிஷப் தந்தார். லேபர் ரூம்களில் இன்றும் அந்த மதிப்பெண்தான்.

இந்தக் கதை நம்ம பக்கமும் வருகிறது. 1968ல் உகாண்டாவின் கம்பாலாவில் சுல்தான் கரீமும் குழுவினரும் புரோஸ்டாகிளாண்டின் கொடுத்துப் பிரசவ வலியை வரவழைத்ததாக அறிவித்தார்கள். 1970களில் அதே கரீம் சிங்கப்பூருக்கு வந்து, யாழ்ப்பாணத்தில் பிறந்த பேராசிரியர் எஸ்.எஸ். ரத்தினத்தோடு ஆய்வு செய்தார். தேக்காவுக்குப் பக்கத்திலிருந்த கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1966ல் மட்டும் கிட்டத்தட்ட 40,000 குழந்தைகள் பிறந்திருந்தன. அது உலக சாதனை. இன்று நம் பெண்களுக்கு வைக்கப்படும் மருந்தின் வரலாற்றில் நம் ஊருக்கும் பங்கிருக்கிறது. அந்த வார்டுகளில் படுத்திருந்த நம் பாட்டிகளிடம், அம்மாக்களிடம் யார் என்ன கேட்டார்கள்?

பிரிட்டனில் அதே 70களில் வலியை வரவழைப்பது சர்வசாதாரணமாகிவிட்டது. ஏன் என்று தங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று தாய்மார்கள் முறையிட ஆரம்பித்தார்கள். ஷீலா கிட்ஸிங்கர் 1975ல் அவர்களுடைய அனுபவங்களைத் தொகுத்தார்.

நோயாளி முடிவெடுக்க உதவும் கருவிகள் 80களின் இறுதியில் அமெரிக்காவில் வந்தன. ஆரம்பகாலக் கருவிகளில் ஒன்று, புரோஸ்டேட் வீங்கிய ஆண்களுக்கான வீடியோ வட்டு. அறுவை சிகிச்சையா, பொறுத்துப் பார்ப்பதா என்று இரண்டையும் அது காட்டியது. 2006ல் இத்தகைய கருவிகளுக்குச் சர்வதேச அளவுகோல்கள் வெளியாயின. எல்லா வழிகளையும் சமமாகக் காட்ட வேண்டும், எதுவும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழியாக இடம்பெற வேண்டும் என்பவை அவற்றில் உண்டு.

இன்று கர்ப்பிணிகளுக்காக ஒரு செயலியை வடிவமைப்பவர் கையில் என்ன இருக்கிறது? 2018ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, சிக்கல் இல்லாத முதல் பிரசவக்காரர்கள் 6,106 பேரைப் பார்த்தது. 39ஆம் வாரத்தில் வலியை வரவழைத்தவர்களில் 18.6 சதவிகிதம் பேருக்குச் சிசேரியன், காத்திருந்தவர்களில் 22.2 சதவிகிதம். இதைத் திரையில் "சிசேரியன் 16 சதவிகிதம் குறைகிறது" என்றும் எழுதலாம். 100 பெண்களை வரைந்து, 22 பேருக்குப் பதில் 19 பேர் என்றும் நிறம் தீட்டலாம். இரண்டுமே உண்மைதான். முதலாவது ஆளைத் தள்ளுகிறது, இரண்டாவது உட்கார்ந்து யோசிக்க விடுகிறது. இன்னொன்றும் உண்டு. அந்த ஆய்வில் சேரத் தகுதியிருந்த 22,000க்கும் மேற்பட்ட பெண்களில் முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்று விலகினார்கள். அந்த மறுப்புக்குப் படம் வரைய யாருக்கும் தோன்றுவதில்லை.

அதற்காகக் காத்திருப்பதுதான் இயற்கை, அதுவே நல்லது என்று எழுதிவிட முடியாது. 2019ல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வில், 41 வாரம் முடிந்ததும் வலியை வரவழைத்த 1,381 பெண்களின் குழந்தைகளில் ஒன்றுகூட இறக்கவில்லை. 42 வாரம்வரை காத்திருந்த 1,379 பேரில் ஆறு குழந்தைகள் இறந்தன. ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். அக்கா இருந்தது அந்த வாரத்தில்தான். டாக்டர் சொன்னது சரியான யோசனையாகவே இருக்கலாம்.

அந்த ஆறு குழந்தைகளைப் பற்றி அக்காவிடம் யாராவது சொல்லியிருந்தால் அவள் அதே "சரிங்க டாக்டர்"தான் சொல்லியிருப்பாள். ஆனால் அது அவளுடைய முடிவாக இருந்திருக்கும். நம்மூரில் இப்படி ஒரு செயலி வந்தால் அது தமிழிலும் பேச வேண்டும். வடிவமைப்பவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான். முதல் திரையில் புள்ளிவிவரம் வேண்டாம், டாக்டரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளைப் போடுங்கள். ஏன் இப்போது? இரண்டு நாள் பொறுத்தால் என்ன ஆகும்? மருந்து வேலை செய்யாவிட்டால் அடுத்து என்ன?

இதை எழுதி முடித்து அக்காவுக்கு அனுப்பினேன். "அன்னிக்கே சொல்லிக் கொடுத்திருக்கலாம்லடா" என்று பதில் போட்டாள்.