மேய்ச்சல் நிலமும் நம் மக்களின் உரிமையும்

‘மாடு’ என்னும் தமிழ்ச் சொல்லுக்குச் செல்வம் என்பதும் ஒரு பொருள். வள்ளுவரும் அச்சொல்லை அப்பொருளில் ஆண்டிருக்கிறார். கால்நடையே செல்வமாக மதிக்கப்பட்ட காலத்தின் சுவடு இது. ஆயினும், அச்செல்வத்தை மேய்த்தவர் எல்லாரும் அதனை உடையவராக இருந்ததில்லை. நம் முன்னோருள் பலர் பிறருடைய மாடுகளைப் பிறருடைய நிலத்தில் மேய்த்து, மாலையில் வெறுங்கையோடு சேரிக்குத் திரும்பியவர்கள். இவ்வெள்ளிவிழா மலரைக் கையில் ஏந்தியிருக்கும் இளைஞர்கள், தங்கள் ஊர் மேய்ச்சல் நிலத்தின் வரலாற்றை அறிய வேண்டும் என்னும் விருப்பத்தால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

“ஆடு மேய்ந்த இடம் அழிந்த இடம்” என்று கூறுவோர் பலர். சிறு ஆட்டுப்பட்டி வைத்திருக்கும் ஏழையே நிலத்தைக் கெடுப்பவன் என்பது அவர்கள் துணிபு. இது எவ்வளவு உண்மை என்பதை முதலில் ஆராய்வோம்.

புல் தன் உணவை இலையில் ஆக்குகிறது. அதில் ஒரு பகுதியை வேரிலும் அடித்தண்டிலும் சேமித்து வைக்கிறது. கால்நடை மேய்ந்தபின் புல் மீண்டும் துளிர்ப்பது அச்சேமிப்பைக் கொண்டுதான். துளிர்த்த இலை முற்றி, செலவான சேமிப்பை ஈடுசெய்வதற்குள் மறுபடியும் கடிபட்டால் வேர் மெலியும். மூன்று நான்கு முறை அவ்வாறு நேர்ந்தால் நல்ல புல் மடிந்து, கால்நடை தீண்டாத முட்செடிகள் அவ்விடத்தைப் பிடித்துக் கொள்ளும். பிரான்சு நாட்டில் பசு வளர்த்து ஆராய்ந்த ஆந்திரே வாசென் என்பார் 1957-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதனை விளக்கியிருக்கிறார். புல்லைக் கெடுப்பது கால்நடைகளின் எண்ணிக்கை மட்டுமன்று. ஓரிடத்தில் அவை தங்கும் காலமும், அவ்விடத்திற்கு மீண்டும் வரும்வரை விடப்படும் இடைவெளியுமே முதன்மையானவை என்பது அவர் கண்ட முடிவு. சுருங்கக் கூறின், புல்லுக்கு ஓய்வு வேண்டும்.

இவ்வுண்மையை நம் நாட்டு உழவர் நூல் படிக்காமலே அறிந்திருந்தனர். காங்கயம், தாராபுரம், மூலனூர், கரூர் ஆகிய வறண்ட வட்டாரங்களில் ‘கொறங்காடு’ என்னும் மேய்ச்சற்காடுகள் உண்டு. சில ஏக்கர் பரப்புள்ள காட்டைச் சுற்றி முள்கிளுவையால் உயிர்வேலி அமைப்பர். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும், இடையிடையே வெள்வேல் மரங்களும் நிற்கும். மழை பெய்து புல் தழைக்கும் பருவத்தில் சிறிது காலம் கால்நடையை உள்ளே விடாமல் காப்பர். புல் விதை சிந்தியபின் விடுவர். ஒரு காட்டில் மேய்ந்து முடித்தால் அடுத்த காட்டிற்கு ஓட்டுவர். கோடையில் புல் காய்ந்தபோது வெள்வேலின் காய்கள் உதிர்ந்து செம்மறிகளுக்குத் தீனியாகும். சாணமும் புழுக்கையும் அந்நிலத்திற்கே எருவாகும். புகழ் பெற்ற காங்கயம் மாடுகள் வளர்ந்தது இத்தகைய காடுகளிலேதான்.

கொறங்காடு செழித்ததற்கு மழையோ மண்ணோ காரணமன்று. மழை குறைந்த மண்தான் அது. அக்காடு பெரும்பாலும் பட்டா நிலம். அதற்கு வேலியும் உண்டு, உரிமையாளரும் உண்டு. இன்று மேயாமல் விட்ட புல் நாளையும் தமக்கே கிடைக்கும் என்னும் உறுதி அவருக்கு இருந்தது. அவ்வுறுதி இருந்ததால்தான் புல்லுக்கு ஓய்வு கொடுக்க முடிந்தது. அதே கொங்கு நாட்டில் பண்ணையாட்களாக இருந்த அருந்ததிய மக்களுக்கு அந்த உறுதி இல்லை. நிலத்திற்கு ஓய்வு கொடுப்பதும் ஓர் உரிமை. நிலமற்றவனுக்கு அவ்வுரிமை இல்லை. இக்கட்டுரையின் சாரம் இதுவே.

நிலமற்றவனின் ஆடு எங்கே மேய்ந்தது? ஊர்ப்பொதுவில் மேய்ந்தது. மந்தைவெளி, ஏரி உட்புறம், ஓடைக்கரை, தரிசு ஆகியவை ஏழையின் கொறங்காடாக இருந்தன. ஆங்கிலேயர் ஆட்சியில் நிலங்கள் அளக்கப்பட்டபோது இவற்றுள் பல, வரி விதிக்கப்படாத புறம்போக்காகவும் தரிசாகவும் எழுதப்பட்டன. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தால் காடுகள் ஒதுக்கப்பட்டு, அவற்றில் மேய்ப்பது அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஊருக்குள் எஞ்சிய தரிசுக்கோ வேறொரு பூட்டு இருந்தது.

அந்தப் பூட்டைச் செங்கற்பட்டு மாவட்டத்தில் தெளிவாகக் காணலாம். அங்கு மிராசுதார்கள் பயிரிடும் நிலத்திற்கு மட்டுமன்றித் தரிசு நிலத்திற்கும் உரிமை கொண்டாடினர். தரிசைக் கேட்டு ஆதிதிராவிடர் ஒருவர் தர்க்காஸ்து மனு கொடுத்தால், அந்நிலத்தைப் பெற முதலில் உரிமை உடையவர் ஊரில் ஏற்கெனவே நிலம் வைத்திருந்தவரே. அவர் அதனை உழாமல் போட்டு வைப்பினும் கேட்பாரில்லை. நம்மவர் கையில் நிலம் வந்தால் பண்ணை வேலைக்கு ஆள் கிடைக்காது என்னும் அச்சமே இதன் அடிப்படை. அம்மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-ஆம் ஆண்டு அரசுக்கு அளித்த அறிக்கையில், நம் மக்களுக்குக் குடியிருக்கும் மனைகூட உறுதியில்லாத நிலையை எடுத்துக்காட்டி, தரிசு நிலங்களை அவர்களுக்கென ஒதுக்க வேண்டும் என்று எழுதினார். அதன் பயனாக 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் கூறுவது இவ்வாறு வந்ததே. ஒப்படைக்கப்பட்ட நிலத்தைப் பத்து ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது, அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் அல்லாதார்க்கு விற்கக்கூடாது என்னும் நிபந்தனையும் விதிக்கப்பட்டது.

நிபந்தனை ஏட்டில் இருக்க, நிலங்கள் பல பிறர் கைக்குச் சென்றன. அவற்றை மீட்க எழுந்த போராட்டங்களுள் காரணைப் போராட்டம் மறக்க முடியாதது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் துறந்தனர். நாம் பேசும் நிலத்தின் விலை அது.

ஊர்ப்பொது நிலமும் இதே காலத்தில் சுருங்கிக்கொண்டே வந்தது. 1968-இல் காரட் ஹார்டின் என்னும் அமெரிக்க அறிஞர், பொதுவில் விடப்பட்ட மேய்ச்சல் நிலம் தன்னலத்தால் அழிந்தே தீரும் என்று எழுதினார். உலகெங்கும் பலர் அதனை வேதவாக்காகக் கொண்டனர். எலினார் ஆஸ்ட்ரம் அம்மையாரோ, பயன்படுத்துவோரே கூடி விதி வகுத்து, வெளியாரை விலக்கி, மீறுவோரைக் கண்காணித்தால் பொதுநிலம் நூற்றாண்டுக் கணக்கில் நிலைக்கும் என்பதைப் பல நாட்டுச் சான்றுகளால் 1990-இல் நிறுவினார். 2009-இல் பொருளாதார நோபல் பரிசும் பெற்றார். இந்தியாவில் என்.எஸ். ஜோதா என்பவர் ஏழு மாநிலங்களின் வறண்ட பகுதிகளில் 80-க்கும் மேற்பட்ட சிற்றூர்களை ஆராய்ந்து 1986-இல் வெளியிட்ட கட்டுரை, ஏழைகள் பொதுநிலத்தையே பெரிதும் சார்ந்திருப்பதையும், ஏழைகளுக்குப் பகிர்ந்தளிப்பதாகச் சொல்லிப் பிரித்த பொதுநிலத்தில் பெரும்பங்கு ஏழையல்லாதாரிடம் சேர்ந்ததையும் காட்டியது. ஆகவே, மந்தைவெளியை அழித்தது ஏழையின் ஆடு மட்டும் என்று கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. பரந்த வெளி ஒரு மூலையாகச் சுருங்கியபின், எஞ்சிய ஆடுகள் எல்லாம் அம்மூலையிலேயே நாள்தோறும் மேய நேர்ந்தது. புல்லுக்கு ஓய்வு இல்லாமற் போனது.

2011-ஆம் ஆண்டில் நம்மைத் தொடும் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. ஒன்று, சனவரி 28 அன்று ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. ஊர்ப்பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றி ஊருக்கே மீட்டளிக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் அது ஆணையிட்டது. நிலமற்ற தொழிலாளர்க்கும் பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர்க்கும் அரசு அறிவிக்கையின்படி வழங்கப்பட்ட குத்தகைகளை விதிவிலக்காகக் கருதலாம் என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. மற்றொன்று, தமிழ்நாட்டில் நிலமற்ற ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு ஆடுகள் விலையின்றி வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. நல்ல திட்டமே. ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வளர்ந்த ஆட்டிற்கு நாளொன்றுக்கு 4 முதல் 5 கிலோ பசுந்தீவனம் வேண்டும். நான்கு ஆட்டிற்கு ஆண்டுக்கு 6 முதல் 7 டன். நிலமற்றவர் என்பதற்காகவே ஆடு பெற்ற குடும்பம் இத்தனை டன் தீவனத்திற்கு எங்கே போகும்? தமிழ்நாட்டில் நிலையான மேய்ச்சல் நிலம் என்று கணக்கில் உள்ளது மாநிலப் பரப்பில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அதிலும் சீமைக் கருவேல் மண்டிய பகுதி உண்டு.

என் பாட்டியார் மூன்று வெள்ளாடுகள் வளர்த்தார். நான் கல்வியியல் பட்டப் படிப்பில் சேர்ந்த ஆண்டில் இரண்டு கிடாய்களை விற்றுத்தான் கட்டணம் செலுத்தப்பட்டது. அந்த ஆடுகள் மேய்ந்த மந்தைவெளியில் இன்று சிலருடைய களமும் கொட்டகையும் நிற்கின்றன. நான் பெற்ற கல்வியில் ஊர்ப்பொதுப் புல்லுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நன்றியோடு நினைக்கிறேன்.

இளைஞர்கள் செய்யத் தக்கவை சில உள்ளன. முதலாவது, உங்கள் ஊரின் மேய்ச்சல் புறம்போக்கு எந்தப் புல எண்ணில், எவ்வளவு பரப்பில் உள்ளது என்பதைக் கிராமக் கணக்கில் பாருங்கள். பஞ்சமி நிலம் இருப்பின் அதனையும் குறித்துக் கொள்ளுங்கள். இரண்டாவது, கிராம சபையில் எழுந்து பேசுங்கள். பேசியதைத் தீர்மானமாக எழுதச் செய்யுங்கள். மூன்றாவது, ஆடு வளர்க்கும் குடும்பங்கள் கூடி, மீட்ட நிலத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்து, கருவேலை நீக்கி, கொழுக்கட்டைப் புல்லும் முயல்மசாலும் விதையுங்கள். ஓரத்தில் கிளுவையும் அகத்தியும் நடுங்கள். ஒரு பகுதியில் மேயும்போது மற்ற மூன்றும் ஓய்வு கொள்ளட்டும். மழைக்காலத் தொடக்கத்தில் இளம்புல்லைத் தொடாதீர்கள். விதியை எல்லாரும் சேர்ந்து வகுத்தால் அதனைக் காப்பதும் எல்லார்க்கும் எளிது. ஆட்டுக்காகப் பிள்ளையின் பள்ளிப் படிப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். முறை வைத்து மேய்த்தால் ஒரு குடும்பத்துப் பெரியவர் பல குடும்பத்து ஆடுகளையும் பார்த்துக் கொள்ளலாம்.

நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து வந்திருக்கிறது. அந்த எழுத்தறிவு தேர்வு எழுதுவதற்கு மட்டுமன்று, கிராமக் கணக்கைப் படிப்பதற்கும் பயன்பட வேண்டும். தன் நிலம் எது என்று படித்தறிந்தவனே அதற்கு ஓய்வும் கொடுக்க வல்லவன்.